வேலைக்குப் போறியாம்ல, தாயி?

2013 ஆனி மாதம், ஒரு சாயங்காலம். மேலூர் பஸ்ஸை விட்டு இறங்கி, கோலை ஊன்றி ஊர் மந்தை வரைக்கும் வந்துவிட்டேன். டீக்கடை பெஞ்சில் இருந்த தலையாரி, வி.ஏ.ஓ.வுக்கு உதவியாள், எழுந்து நின்று கேட்டார்: "என்ன தாயி, வேலைக்குப் போறியாம்ல?"

அவர் கெட்டவர் இல்லை. அப்பா போனபோது பந்தல் போட்டதிலிருந்து காடு வரைக்கும் கூட நின்றவர். சந்தோஷமாகத்தான் கேட்டார். நானும் சந்தோஷமாகத்தான் சொன்னேன்: "ஆமா மாமா, மூணு மாசமாச்சு." வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "அவருகிட்டயா சொன்ன? தாலுகா கச்சேரியில போயே சொல்லியிருக்கலாமே!"

இரண்டு மாதம் கழித்து, வேறு வருமானம் இல்லாத மாற்றுத்திறனாளி என்று எனக்கு வந்துகொண்டிருந்த பென்ஷன் நின்றது.

எனக்கு இரண்டு கால்களிலும் போலியோ. இடது கால் முழுக்க, வலது கால் முழங்காலுக்குக் கீழே. 1984இல் பிறந்தேன், ஒன்றரை வயதில் காய்ச்சல். நாடு முழுக்க ஒரே நாளில் சொட்டு மருந்து போடும் முகாம் 1995இல்தான் தொடங்கியது. அப்போது நான் காலிப்பர் என்கிற கால்தாங்கியை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். பெட்டியோடு வந்த நர்ஸம்மா என் காலைப் பார்த்துவிட்டுத் தம்பி வாயில் இரண்டு சொட்டு கூடுதலாக விட்ட மாதிரி எனக்கு ஒரு நினைப்பு. பொய்யாகவும் இருக்கலாம்.

நான் பார்த்த வேலை, மதுரைக்குப் போகிற வழியில் ஒரு ரெடிமேடு கம்பெனியில் சட்டைகளுக்குப் பிசிறு வெட்டுவதும் பட்டன் பார்ப்பதும். பி.எஃப்.பும், இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீட்டுப் பணமும் பிடித்தது போக 4,600 ரூபாய் கையில் வரும். பஸ் நிறுத்தத்திலிருந்து கம்பெனி கேட் வரைக்கும் மற்ற பெண்கள் பேசிக்கொண்டே நடந்து போவார்கள். எனக்கு ஷேர் ஆட்டோ, போக இருபது, வர இருபது. 26 நாளைக்கு 1,040. பென்ஷன் நின்றதில் போனது 1,000. மிச்சம் 2,560. காலிப்பர் வார் அறுந்த மாதம் அதிலும் ஒரு துண்டு விழும். அப்படியும் அந்த 2,560 எனக்குப் பிடித்திருந்தது. சம்பள நாளன்று கையெழுத்துப் போட்டு வாங்குகிற காசு. அதை அம்மாவுக்குப் புரியவைக்க முடியவில்லை. அவளைப் பொறுத்தவரை பென்ஷன் என்பது நான் சாகிற வரைக்கும் வருவது, கம்பெனி என்பது சூப்பர்வைசருக்குக் கோபம் வருகிற வரைக்கும் வருவது.

அம்மா சொன்னதுதான் நடந்தது, ஆனால் சூப்பர்வைசரால் இல்லை. பதினாலாவது மாதம் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. கோல் ஊன்றி ஊன்றித் தேய்ந்த தோள். நல்ல காலாக நான் நினைத்துக்கொண்டிருந்த வலது காலும் சோர ஆரம்பித்தது. போலியோ வந்து இருபது முப்பது வருடம் கழித்து மறுபடி தசை தளர்வது உண்டு என்று டாக்டர் சொன்னார். போலியோ ஒரு தடவைதான் வரும் என்று நினைத்திருந்தேன், அது பாக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறது. வேலையை விட்டேன். மறுபடி பென்ஷனுக்கு எழுதிப் போட்டேன். நிற்பதற்கு இரண்டு மாதம் ஆனது, திரும்ப வருவதற்குப் பதினொரு மாதம்.

அந்தப் பதினொரு மாதத்தில்தான் நான் இந்தச் சட்டதிட்டங்களைப் படிக்க ஆரம்பித்தேன். கோபத்தில் படித்ததால் நன்றாகவே மனதில் நின்றது. "வேலைக்குப் போனா எல்லாம் நின்னுருமாக்கா?" என்று இன்றைக்கும் யாராவது கேட்டு வருகிறார்கள். எல்லாம் நிற்காது. சிலது நிற்கும், சிலது நிற்கவே நிற்காது, சிலது வேலைக்குப் போனால்தான் கிடைக்கும். எது எந்தப் பக்கம் என்று தெரியாமல் பயந்தே பாதிப் பேர் வீட்டில் இருக்கிறார்கள். மீதிப் பேர் வேலை பார்ப்பதை மறைக்கிறார்கள்.

முதலில் சதவீதம், அதாவது ஊனம் எவ்வளவு என்று டாக்டர் எழுதித் தருகிற எண். எங்கள் வாழ்க்கையில் மார்க் ஷீட்டை விடப் பெரிய தாள் அதுதான். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது; 1995 சட்டத்தில் ஏழுதான் இருந்தது. எந்த வகையானாலும் 40 சதவீதம் இருந்தால்தான் பெரும்பாலான கதவுகள் திறக்கும். தமிழ்நாட்டில் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கான பராமரிப்பு உதவித்தொகைக்கு 75 வேண்டும். மத்திய அரசின் இந்திரா காந்தி பெயரிலான ஊனமுற்றோர் ஓய்வூதியத்துக்கு 80 வேண்டும், வறுமைக்கோட்டுக்குக் கீழேயும் இருக்க வேண்டும். அதில் மத்திய அரசின் பங்கு மாதம் 300 ரூபாய். மீதியைப் போட்டு நிரப்புவது மாநிலம்.

முகாமில் டாக்டர் என் முழங்காலை மடக்கி நீட்டி, டேப்பை வைத்து இரண்டு தொடையையும் அளந்து, காலை அழுத்தச் சொல்லி, 70 என்று எழுதினார். அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு, "இன்னுங் கொஞ்சம் போடுங்க சார்" என்றாள், காய்கறிக்காரியிடம் கேட்கிற அதே குரலில். டாக்டர் சிரித்துவிட்டார். அவர் போடவில்லை. அந்த ஐந்தின் விலை அன்றைக்கு எனக்குத் தெரியாது. 2022 ஜனவரியில் பராமரிப்பு உதவித்தொகை 1,500இலிருந்து 2,000 ஆனது. மாநில அரசு வருவாய்த்துறை மூலம் தரும் எங்கள் பென்ஷன் 2011இல் ஆயிரம் ஆகி, 2023 ஜனவரியில்தான் 1,500 ஆனது. தொடைச் சுற்றளவில் ஓர் அங்குலம் குறைந்திருந்தால் மாதம் ஐந்நூறு கூட.

இந்தச் சதவீதம் உடம்பைத்தான் அளக்கிறது, வேலையை அளப்பதில்லை. உட்கார்ந்து கணக்கு எழுதுகிறவருக்கு என் கால் பெரிய தடையே இல்லை. நாற்று நடுகிற வீட்டில் பிறந்தவளுக்கு அது முழுத் தடை. தாளில் இரண்டு பேருக்கும் 70தான். மதுரையில் 1976இல் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் வெங்கடசாமிக்கு இளவயதிலேயே முடக்குவாதம் வந்து விரல்கள் முறுக்கிக்கொண்டன. பிரசவ வைத்தியம் படிக்கப் போனவர் அதை விட்டுவிட்டுக் கண் வைத்தியத்துக்கு மாறினார். அந்தக் கைக்கு ஏற்ற மாதிரி கருவிகள் செய்துகொண்டு ஒரு லட்சத்துக்கு மேல் கண் அறுவை சிகிச்சை செய்தார். அவர் கைக்கு இன்றைக்கு ஒரு முகாமில் எத்தனை போட்டிருப்பார்கள் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. (உடனே யாராவது "பார், அவர் சாதிக்கவில்லையா?" என்று ஆரம்பிப்பார்கள். அதற்காகச் சொல்லவில்லை. அவர் டாக்டர். அவரால் தன் கருவியை மாற்றிக்கொள்ள முடிந்தது. பிசிறு வெட்டும் மேசையின் உயரத்தைக்கூட என்னால் மாற்றச் சொல்ல முடியவில்லை.)

சம்பாதிக்கும் திறனை அளக்கிற இடமும் ஒன்று இருக்கிறது. அது இ.எஸ்.ஐ. எங்கள் அத்தை மகன் கப்பலூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் பிரஸ் மெஷினில் வலது கையின் மூன்று விரல்களைக் கொடுத்தவர். ஒரு கையில் மூன்று விரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் இழப்பு என்று சட்ட அட்டவணையே சொல்கிறது. முழு இழப்பு என்றால் சராசரி நாள் சம்பளத்தில் 90 சதவீதம். பகுதி இழப்பு என்றால் அதில் அந்தப் பங்கு. நாளுக்கு 500 ரூபாய் சம்பளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 90 சதவீதம் 450, அதில் 30 சதவீதம் 135. முப்பது நாளைக்கு 4,050 ரூபாய், ஆயுள் முழுக்க. அவர் மறுபடி வேலைக்குப் போனாலும் அது நிற்காது. அவர் அதே பட்டறையில் இப்போது ஸ்டோர் பார்க்கிறார். சம்பளமும் வருகிறது, அந்தத் தொகையும் வருகிறது, யாரிடமும் எதையும் மறைக்கவில்லை. ஊர் மந்தையில் நிமிர்ந்து உட்கார்ந்து டீ குடிக்கிறார்.

எனக்கு அவர் மேல் பொறாமை என்று சொன்னால் நம்புவீர்களா? மூன்று விரல் போன மனிதர் மேல் பொறாமை! ஆனால் இருந்தது. அவருக்கு வருவது, போனதற்கு ஈடு. எனக்கு வருவது, இல்லாததற்கு உதவி. ஈடு என்றால் அவர் பிறகு என்ன சம்பாதிக்கிறார் என்று யாரும் கேட்கப் போவதில்லை. உதவி என்றால் வருடா வருடம் இல்லாமையைக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கம்பெனியில் நான் இருந்தபோது எனக்கும் இ.எஸ்.ஐ. பிடித்தார்கள்தான். ஆனால் என் கால் அங்கே போகவில்லையே, தொட்டிலிலேயே போய்விட்டது. இப்போது வேலைக்குச் சேருகிறவர்களுக்கு ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன்: இ.எஸ்.ஐ.க்குச் சம்பள உச்சவரம்பு மற்றவர்களுக்கு 21,000, மாற்றுத்திறனாளிகளுக்கு 25,000. 22,000 சம்பளம் என்று உங்களை வெளியே விட்டால் கேளுங்கள்.

வேலை இல்லாதவர் என்று எழுதிக் கொடுத்து வாங்குகிற பணமும் உண்டு. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து காத்திருப்பவர்களுக்கான உதவித்தொகை. பத்தாம் வகுப்பு வரை என்றால் மாதம் 600, பன்னிரண்டு என்றால் 750, பட்டம் என்றால் 1,000. மற்றவர்களுக்கு மூன்று வருடம், நமக்குப் பத்து வருடம். ஆனால் வருடம் ஒரு தடவை, "எந்த வேலையிலும் இல்லை, சுயதொழிலும் இல்லை" என்று உறுதிமொழி கொடுக்க வேண்டும். மதுரை கே.புதூரில் அந்த அலுவலக வாசலில் என் கூடப் படித்த பையனைப் பார்த்தேன். எம்.ஏ. தமிழ். மாலையில் பத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பான். "அது வேலையாடா?" என்றேன். "உறுதிமொழித் தாள் கொடுக்கிற மாசம் எடுக்க மாட்டேன்" என்றான். அவனே சிரித்தான், நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய?

அரசு வேலை கிடைத்தவர்கள் கதை வேறு, அது நல்ல கதை. 2016 சட்டம் வேலையில் 4 சதவீத ஒதுக்கீடு தருகிறது. அதற்கு முன் 3. வருமான வரிக் கணக்கில் 75,000 கழிவு, ஊனம் 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000, அதுவும் பழைய முறையில் கணக்குப் போட்டால்தான். எங்களில் எத்தனை பேர் வரி கட்டுகிறோம் என்று கேட்காதீர்கள்.

பணியில் இருக்கும்போது ஊனமானவர்களுக்கு மட்டும் ஒரு செய்தி. அரசு வேலையில் இருக்கும்போது காலோ கண்ணோ போனால் உங்களை வீட்டுக்கு அனுப்ப முடியாது. அந்த வேலை முடியாது என்றால் அதே சம்பளத்தில் வேறு வேலை, அதுவும் இல்லை என்றால் உபரிப் பணியிடம் ஒன்றை உண்டாக்கி வைத்திருக்க வேண்டும். "இயலாமைப் பென்ஷன் போட்டுக் கொடுக்கிறோம், வாங்கிக்கொண்டு போங்கள்" என்பார்கள். குணால் சிங் என்பவர் போட்ட வழக்கில் அரசுத் தரப்பு இதைத்தான் சொன்னது. மத்தியப் படையில் இருந்த காவலர் அவர், இடது காலை எடுத்துவிட்டார்கள், இயலாமைப் பென்ஷன் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பென்ஷன் கொடுத்துவிட்டதாலேயே வேலைக்கான உரிமை போய்விடாது என்று 2003இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பழைய 1995 சட்டத்தின் கீழ் வந்த தீர்ப்பு, புதிய சட்டத்திலும் அந்தப் பாதுகாப்பு இருக்கிறது. நம் பக்கத்தில் டிரைவராக இருந்து சர்க்கரையில் கால் விரல் இழந்தவர்கள் எத்தனையோ பேர், தாங்களாகவே எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். எழுதிக் கொடுக்காதீர்கள். மதுரையிலேயே உயர் நீதிமன்றக் கிளை இருக்கிறது.

புதூரில் என்னிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுக்கிற அக்கா ஒருவர். அவர் தங்கைக்கு அறிவுத்திறன் குறைபாடு. அப்பா தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்று இறந்தவர். அந்தத் தங்கைக்கு ஆயுள் முழுக்கக் குடும்பப் பென்ஷன் உண்டு. பேப்பர் கப் அடுக்குகிற வேலைக்கு அனுப்பினால் பென்ஷன் போய்விடுமோ என்று வீட்டிலேயே வைத்திருந்தார்கள். மத்திய அரசுப் பென்ஷனில் முன்பு 9,000 ரூபாயும் அகவிலைப்படியும்தான் வருமான வரம்பு. 2021 பிப்ரவரியில் அதை மாற்றிவிட்டார்கள். அப்பாவின் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதமும் அதற்கான அகவிலைப்படியும் எவ்வளவோ, அதற்குக் குறைவாகப் பிள்ளையின் மற்ற வருமானம் இருந்தால் போதும். கடைசிச் சம்பளம் 40,000 என்றால் 12,000, அதற்கு மேல் படி. பேப்பர் கப்பில் 3,000கூட வராது. அந்தத் தங்கை இப்போது போகிறாள். சாயங்காலம் டிபன் பாக்ஸைத் தானே கழுவி வைக்கிறாளாம். அக்கா இதைச் சொல்லும்போது பாதியில் நிறுத்திவிட்டு ஜாக்கெட் கொக்கியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

சரி, என் கதைக்கு வருகிறேன். பென்ஷன் திரும்ப வந்தபிறகு நான் கம்பெனிக்குப் போகவில்லை. ஊரில் நூறு நாள் வேலைக்குப் போனேன். மாற்றுத்திறனாளிகளுக்கு நாலு மணி நேரம் வேலை, முழுக்கூலி என்று 2012இல் போட்ட அரசாணை ஒன்று இருந்தது. தண்ணீர் கொடுப்பது, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது, கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவது. என்னைக் கேட்டால், நம் உடம்பைப் புரிந்துகொண்டு எழுதிய ஒரே தாள் அதுதான். வேலை உண்டா இல்லையா என்று கேட்காமல், எவ்வளவு நேரம் முடியும் என்று கேட்ட தாள். மற்ற பெண்கள், "இவளுக்கு மட்டும் என்னடி பாதி வேளை" என்று முணுமுணுத்தது தனிக்கதை. ஆறு மாதத்தில் அவர்களே என் கையால் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வீட்டுக் கதையெல்லாம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

அப்புறம் அரசு கொடுத்த மோட்டார் தையல் மெஷின் வந்தது. காலால் மிதிக்க வேண்டாம். இடது முழங்கையால் சுவிட்சை அழுத்துகிற மாதிரி தம்பி ஒரு கட்டையை வைத்துக் கட்டிக் கொடுத்தான். அதில் ஒரு சிக்கல் உண்டு. முழங்கையை எடுக்க மறந்தால் ஊசி ஓடிக்கொண்டே இருக்கும். என் ஆள்காட்டி விரல் நகத்தில் அதற்கான தழும்பு இருக்கிறது. ஜாக்கெட், பாவாடை, பால்ஸ் வைப்பது, தீபாவளிக்கு முந்தின மாதம் கொஞ்சம் கூடுதல்.

2019இல் பின்னால் இரண்டு சக்கரம் வைத்த பெட்ரோல் ஸ்கூட்டருக்கு விண்ணப்பிக்கலாம் என்று சொன்னார்கள். யாருக்கு? கால் பாதிக்கப்பட்டு, கல்லூரியில் படிக்கிறவர்களுக்கு, வேலைக்குப் போகிறவர்களுக்கு, சுயதொழில் செய்கிறவர்களுக்கு. ஆக, நான் தொழில் செய்கிறேன் என்று சான்று வேண்டும். என் மஞ்சப்பையில் வேறு வருமானம் இல்லாதவள் என்பதற்கான பென்ஷன் தாள் இருக்கிறது. இன்னொரு கையில் தையல் தொழில் செய்கிறேன் என்ற தாளை வாங்கப் போகிறேன். இரண்டும் நான்தான், இரண்டும் உண்மைதான். பஸ்ஸில் போகும்போதெல்லாம் இரண்டு தாளும் ஒன்றோடொன்று பேசிக்கொள்கிற மாதிரி இருந்தது.

மறைக்கக் கூடாது என்று முடிவு பண்ணிக்கொண்டு போனேன். 2013 போதும். அலுவலகத்தில் இருந்தவரிடம் நானே சொன்னேன்: "சார், நான் பென்ஷன் வாங்குறேன். வீட்டுல தைக்கவும் செய்றேன். ஸ்கூட்டருக்குச் சான்று வேணும். இதனால அது நிக்குமா?"

அவர் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "மாசம் எவ்வளவு வரும்?"

"ஆயிரத்தைந்நூறு வரும் சார். ஆடியில ஒண்ணும் வராது."

"அதெல்லாம் ஒரு வேலையாம்மா?" என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

பென்ஷன் தப்பித்தது. ஸ்கூட்டரும் ஒரு வருடத்தில் வந்தது. ஆனால் அன்றைக்குப் படி இறங்கி வந்து மரத்தடியில் உட்கார்ந்துகொண்டு வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. நன்றி சொல்ல வேண்டிய ஆளிடம் கோபம் வந்தால் அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. கம்பெனியில் பார்த்தது வேலை என்பதால் பென்ஷனை நிறுத்தினார்கள். வீட்டில் பார்ப்பது வேலையே இல்லை என்பதால் விட்டுவைத்தார்கள். நகத்துக்குள் ஊசி ஏறினபோது அது வேலையாகத்தான் இருந்தது.

போன மாதம் வாடிப்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். 24 வயது, காது கேட்காது, அவள் அம்மா கூட வந்திருந்தார். மதுரையில் ஒரு கடையில் பில் போடுகிற இடத்தில் வேலை, 9,500 ரூபாய். "பென்ஷன் போயிருமேன்னு யோசனையா இருக்குக்கா" என்றார் அம்மா. நான் எப்போதும் கேட்கிற கேள்விகளைக் கேட்டேன். இ.எஸ்.ஐ. பிடிப்பார்களா? பி.எஃப்.? எழுத்தில் தருவார்களா? பெரியார் பஸ் நிலையத்திலிருந்து கடை எவ்வளவு தூரம்? சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் மாற்றுத்திறனாளிகளுக்கு 2021இலிருந்து டிக்கெட் இல்லை, அதனால் போக்குவரத்துச் செலவைக் கழிக்க வேண்டாம். பென்ஷனை அவர்களே வந்து நிறுத்தும்வரை விட வேண்டாம், நாமே எழுதிக் கொடுத்துவிட்டு அந்தக் கடிதத்துக்கு ஒப்புகை வாங்கி வைக்கலாம். நாளைக்கு வேலை போனால் மறுபடி கேட்கும்போது அந்த ஒப்புகை ஒரு சாட்சி. எனக்குப் பதினொரு மாதம் ஆனது என்பதையும் சொன்னேன். மறைக்கவில்லை.

அம்மா தயங்கிக்கொண்டே இருந்தார். பெண் எங்கள் இரண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் என் கட்டிங் மேசையிலிருந்து சாக்பீஸை எடுத்து, கிழிந்த லைனிங் துணி ஒன்றின் மேல் எழுதினாள்: திங்கள் 9.30.

"என்னடி அது?" என்றார் அம்மா.

அவள் கையால் சைகை காட்டினாள். அம்மா என்னைப் பார்த்துச் சொன்னார்: "வேலைக்கு வரச் சொல்லியிருக்க நேரமாம். நேத்தே சரின்னு சொல்லிட்டாளாம்."